ஏழாவது வளைவில் மண் எப்படி?

அக்டோபர் 6

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீ நலமா? இங்கே நான் முழு நலம், உன் அண்ணன் முக்கால் நலம். குளிர் தொடங்கியதும் அவர் இடது கால் எலும்பில் வைத்த தகடு தன் வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டது. பஸ்ஸில் கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்கிறாராம். இதை அவர் சொல்லவில்லை, கண்டக்டர் சொன்னார்.

உன் மலையில் போன் எடுக்காதது ஒருவிதத்தில் எனக்கு வசதி. போனில் நீ நாலு ‘ம்’ போட்டு வைத்துவிடுவாய். கடிதம் என்றால் பக்கத்தை நிரப்பியாக வேண்டும்.

எங்கள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்குப் புது இயந்திரம் வந்திருக்கிறது. ஒரே நேரத்தில் அறுபது படுக்கை விரிப்புகளை விழுங்குகிறது. துப்பும்போது ஐம்பத்தொன்பதுதான் வருகிறது. மீதி ஒன்று எங்கே போகிறது என்று நானும் என் கீழே வேலை செய்யும் மூன்று பெண்களும் ஒரு வாரமாகத் தேடுகிறோம்.

‘தினமும் காலையில் மலையைச் சுற்றி நடந்து, மண்ணைத் தொட்டுப் பார்த்து, இன்று சைக்கிள்காரர்களை விடலாமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்வதுதான் என் நாத்தனாரின் வேலை’ என்றால் அந்தப் பெண்கள் நம்புவதில்லை. “மழை பெஞ்சா மூடு, வெயில் அடிச்சா திற, இதுக்கு ஒரு ஆளா?” என்கிறார்கள். அவர்கள் வாயை அடைக்க நாலு வார்த்தை எழுதி அனுப்பு.

அப்புறம், வடக்குச் சரிவில் ஏழாவது வளைவில் மண் எப்படி இருக்கிறது? சும்மாதான் கேட்கிறேன்.

ஈரக் காலுறையோடு உட்காராதே.

உன் அண்ணி

&nbsp;

அக்டோபர் 19

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை மளிகை வண்டியோடு வந்து சேர்ந்தது. நான் சுகம். காலுறையும் காய்ந்தே இருக்கிறது.

சலவைக்கூடத்துப் பெண்களிடம் சொல்லுங்கள்: இங்கே ஒரு மலையில் மூன்று விதமான மண். உச்சியில் மணல் கலந்தது. எவ்வளவு மழை பெய்தாலும் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்ளும். மழைக்கு மறுநாள் அதில் சைக்கிள் ஓட்டுவதுபோல் ஒரு சுகம் கிடையாது. ஆனால் மூன்று வாரம் மழையில்லை என்றால் கடுகு சிந்திய தரை மாதிரி ஆகிவிடும், திரும்பினால் சக்கரம் ஓடிப்போகும். நடுவில் காட்டு மண். இலையும் பட்டையும் மட்கிச் சேர்ந்தது, மிதித்தால் அமுங்கி எழும். கீழே வடக்குச் சரிவில் சுத்தக் களிமண். அது வேறு பிறவி. குடித்த தண்ணீரைப் பத்து நாளைக்கு விடாது. வெயிலும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஈரத்தில் ஒருவர் ஓட்டினால் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். அதோடு போனாலும் பரவாயில்லை, சக்கரம் கிழித்த பள்ளம் காய்ந்து கல்லாகிவிடும். அடுத்த மழைக்கு அந்தப் பள்ளமே வாய்க்கால். ஒரு ஆள் ஒரு மணி நேரம் ஓட்டியதைச் சரிசெய்ய இரண்டு பேர் ஒரு வாரம் மண் வெட்ட வேண்டும்.

வெயில் அடித்தால் திற என்பதும் அவ்வளவு சுலபமில்லை. மேல்தோல் காய்ந்திருக்கும், உள்ளே சேறு. நான் குதிகாலால் ஓர் அழுத்து அழுத்துவேன். பிறகு ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் வைத்து உருட்டுவேன். புழு மாதிரி நீளமாக வந்தால் மூட வேண்டியதுதான். உதிர்ந்தால் திறக்கலாம். என்னோடு வேலை செய்கிற ரம்பக்காரர், விழுந்த மரங்களை அறுப்பவர், அதைப் பார்த்து, “இன்னைக்கு ரொட்டி மெதுவா வருமா?” என்று கேட்பார்.

ஏழாவது வளைவு மூடியிருக்கிறது. விரலை விட்டால் இரண்டாம் கணு வரை இறங்குகிறது. நானும் சும்மாதான் சொல்கிறேன்.

அண்ணன் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். சொன்னாலும் பரவாயில்லை.

அன்புடன்,
சின்னவள்

&nbsp;

நவம்பர் 3

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே எல்லாரும் நலம். ஒத்தடம் கொடுத்தேன். விரிப்பு மர்மமும் தீர்ந்தது. உள்ளே போடும்போதே ஐம்பத்தொன்பதுதானாம். எண்ணிய பெண் வெட்கத்தில் இரண்டு நாள் என் பக்கமே வரவில்லை.

நீ எழுதியதைச் சத்தமாகப் படித்தேன். இவர் தள்ளி உட்கார்ந்து காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு காலணிக்கு அரைமணி நேரம் ஆனது. ‘பத்து நாளைக்கு விடாது’ என்ற இடத்தில் தூரிகை நின்றுவிட்டது.

எனக்குச் சில சந்தேகங்கள். ஏழாவது வளைவுக்கு மேலே பாறைக்கடியில் கசிகிற ஊற்று இன்னும் பாதையின் குறுக்கேதான் வருகிறதா? வளைவு இப்போது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது? வெளிப்பக்கம் என்றால் விளிம்பில் ஒரு தடி வேர் இருக்குமே, அதை வெட்டிவிட்டீர்களா, விட்டுவைத்தீர்களா? ஒரு பொது அறிவுக்காகக் கேட்கிறேன்.

சின்னவளே, இரண்டு வருஷம் முன்னால் இவர் அந்த வளைவில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஒடிந்தது கால் மட்டும் இல்லை போலிருக்கிறது. சைக்கிள் அன்றிலிருந்து மாடிப்படிக்கு அடியில் போர்வை போர்த்திக்கொண்டு கிடக்கிறது. உன் பேச்சை எடுத்தால் ‘ம்’ என்று எழுந்து போகிறார். ஒரே தட்டில் சாப்பிட்டு ஒரே சைக்கிளுக்கு அடித்துக்கொண்டவர்கள் நீங்கள். என்ன நடந்தது என்று நான் கேட்க மாட்டேன். கேட்டால் இரண்டு பேரும் ஒன்று சேர்ந்து என்மேல் பாய்வீர்கள். ஒருவேளை அதற்காகவாவது கேட்கலாமோ என்று தோன்றுகிறது.

கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் அண்ணி

&nbsp;

நவம்பர் 21

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். கழுத்தை மூடித்தான் போகிறேன்.

வேரைப் பற்றிய சந்தேகம் உங்களுக்கு வந்திருக்க வாய்ப்பே இல்லை. இந்த மலைக்கு நீங்கள் வந்தது ஒரே ஒரு முறை. அப்போதும் வண்டி நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டுக் கம்பளி பின்னிக்கொண்டிருந்தீர்கள். அதனால், பாலிஷ் தூரிகையோடு பக்கத்தில் இருப்பவருக்கே பதில் சொல்லிவிடுகிறேன். ஊற்று இன்னும் குறுக்கேதான் வருகிறது. சாய்வு வெளிப்பக்கம். வேரை வெட்டவில்லை. அதை வெட்டினால் விளிம்பே சரிந்துவிடும் என்று அவருக்கும் தெரியும்.

உறைபனி தொடங்கிவிட்டது. காலை ஒன்பது மணி வரை தரை இரும்பு. தாராளமாக ஓட்டலாம். பதினொரு மணிக்கு மேல் தோல் இளகும். அடியில் இன்னும் பனி இறுகிக் கிடப்பதால் தண்ணீருக்கு இறங்க வழியில்லை. ஒரு விரற்கடை ஆழத்துக்கு வெண்ணெய்தான். பலர் காலையில் சிரித்துக்கொண்டே ஏறி, மதியம் உட்கார்ந்தபடியே இறங்குகிறார்கள். அதனால் இப்போது பத்தரைக்கெல்லாம் பாதையின் குறுக்கே நாடா கட்டி மூடிவிடுகிறேன்.

ஒரு செய்தி. எங்கள் பாதைப் பிரிவின் தலைவர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு நான் மனுப் போட வேண்டும் என்று ரம்பக்காரர் பிடிவாதம் பிடிக்கிறார். “இந்த மலை மண்ணு உன் கைக்குத்தான் பேசும். வேற எவன் வந்தாலும் ஊமை” என்கிறார். போட்டுவிட்டேன். ஆனால் கிடைக்காது. அண்ணன் விழுந்த அன்று, ‘ஈரமான பாதையைத் தடுப்புக் கட்டாமல் விட்டார், ஒருவருக்குப் பலத்த காயம்’ என்று என் கோப்பில் மேலதிகாரி எழுதிய குறிப்பு அப்படியே இருக்கிறது. நேர்காணலில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். பழைய கதை, விடுங்கள்.

புது இயந்திரத்தில் என் சேற்றுக் கால்சட்டையைப் போட்டால் என்ன ஆகும்?

அன்புடன்,
சின்னவள்

&nbsp;

ஜனவரி 4

அன்புள்ள சின்னவளுக்கு,

ஆறு வாரமாகப் பதில் போடவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன்.

உன் கடிதத்தை வழக்கம்போலச் சத்தமாகப் படித்தேன். கோப்பில் இருக்கும் குறிப்பைப் பற்றிய இடம் வந்தபோது இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, “என்ன குறிப்பு?” என்றார். திரும்பப் படித்தேன். கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார். அதன் பிறகு மண்ணைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. வேலைக்குப் போகிறார், வருகிறார், சுவரைப் பார்க்கிறார்.

நான் இரண்டு வருஷமாக ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் இவருடைய சட்டையைக் கழற்றி என்னிடம்தான் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து துவைக்குமுன் பைகளைப் பார்த்தேன். துவைப்பதுதானே என் தொழில், பையைப் பார்க்காமல் எதையும் நனைக்க மாட்டேன். சட்டையின் முதுகுப்பக்கம் தைத்த பையில் நாலு முழ நீளத்துக்குச் சிவப்பு வெள்ளை நாடா சுருட்டி வைத்திருந்தது. நீங்கள் பாதையை அடைக்கக் கட்டுவீர்களே, அது. இரண்டு முனையும் கத்தியால் வெட்டியது.

அப்போது எனக்கு அது குப்பை. கீழே கிடந்ததை எடுத்திருப்பார் என்று நினைத்தேன். பிறகு, நீ தடுப்பே கட்டவில்லை என்று பேச்சு வந்தபோது எனக்கு உறைத்தது. கேட்கவில்லை. கால் ஆறட்டும் என்று தள்ளிப்போட்டேன். கால் ஆறிய பிறகு, எப்படிக் கேட்பது என்று தள்ளிப்போட்டேன். உன் கோப்பில் அப்படி ஒரு குறிப்பு இருக்கிறது என்று தெரிந்திருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போட்டிருக்க மாட்டேன். இது சாக்கு இல்லை, உண்மை.

இப்போது உன்னிடம் கேட்கிறேன். அன்று நீ கட்டியிருந்தாயா?

உன் அண்ணி

&nbsp;

ஜனவரி 10

அன்புள்ள அண்ணிக்கு,

வண்டிக்காரரை நிற்க வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். அவர் இரண்டாவது டீ குடிக்கிறார்.

கட்டியிருந்தேன்.

முந்தின நாள் மதியம் வரை மழை. அண்ணன் வார விடுமுறைக்கு வந்திருந்தான். சாயங்காலம் வடக்குச் சரிவைப் பார்த்துவிட்டு வந்து, “மேல காஞ்சிருச்சு, நாளைக்கு ஓட்டலாம்” என்றான். “உள்ள காயலைண்ணா” என்றேன். “நீ எப்பவுமே மண்ணுக்குப் பயந்தவ” என்று சிரித்தான். நானும் சிரித்தேன். காலை ஏழு மணிக்குப் போய் நாடாவைக் கட்டிவிட்டுக் கிழக்குப் பக்கம் போனேன். ஒன்பதரைக்கு ரம்பக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

அவனைக் கீழே கொண்டுபோன பிறகு நான் மட்டும் திரும்ப ஏறிப் பார்த்தேன். இரண்டு மரத்திலும் முடிச்சு அப்படியே இருந்தது. நடுவில் நாடா இல்லை. தடுப்பை அறுப்பவருக்கு இந்த மலையில் ஆயுளுக்கும் அனுமதி கிடையாது, அது விதி. அண்ணனுக்கு இந்த மலை இல்லையென்றால் வேறு என்ன இருக்கிறது என்றுதான் அப்போது தோன்றியது. இரண்டு முடிச்சையும் அவிழ்த்து அடுப்பில் போட்டேன். மேலதிகாரி வந்து, “தடுப்பு எங்கே?” என்றார். “கட்டலை சார்” என்றேன்.

அந்தக் குறிப்பு எனக்கு வலிக்கவில்லை, அண்ணி. அவனுக்குத் தடை வரக்கூடாது என்று பொய் சொன்னேன். அவன் யாரும் சொல்லாமலே மலைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டான். இரண்டு வருஷத்தில் எனக்கு ஒரு வரி எழுதவில்லை. ‘தப்பு என்மேல’ என்று எழுத வேண்டாம். ‘மழை பெய்யுதா’ என்று எழுதியிருக்கலாம்.

இது நமக்குள் இருக்கட்டும். அவனிடம் சொல்ல வேண்டாம்.

சின்னவள்

&nbsp;

ஜனவரி 25

அன்புள்ள சின்னவளுக்கு,

சொல்ல வேண்டாம் என்றாய். சொல்லவில்லை. உன் கடிதத்தை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனேன். நான் வார்த்தை மாறினேன் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். ஒரு வீட்டில் மூன்று பேர் மூன்று மூலையில் ஒரே மூட்டையை ஒளித்துவைத்துக்கொண்டு எத்தனை நாள் வாழ்வது?

திரும்பி வந்தபோது கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். “நீயும் தெரிஞ்சேதான் இருந்தியா?” என்றார். “ஆமா” என்றேன். “ஏன் கேக்கலை?” என்றார். “நீங்களா சொல்வீங்கன்னு” என்றேன். அதற்குமேல் நாங்கள் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் வேலையிலிருந்து வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல், “வீட்டில கோடு போட்ட தாள் இருக்கா?” என்று கேட்டார்.

இப்போது உள்ளறையில் இருக்கிறார். ஆறு தாள் கிழித்தாகிவிட்டது. நான் எண்ணிவைத்திருக்கிறேன், எனக்கு எண்ண வரும்.

உன் அண்ணி

&nbsp;

பிப்ரவரி 2

சின்னவளே,

நீ நல்லா இருக்கிறாய் என்று உன் அண்ணிக்கு எழுதுவதிலிருந்து தெரிந்துகொள்கிறேன். நான் நலம்.

எனக்கு எழுத வராது. பஸ் ஓட்டும்போது மனசுக்குள் உனக்கு எழுதிய கடிதங்கள் நிறைய. எல்லாம் கடைசி நிறுத்தத்தில் பயணிகளோடு இறங்கிப் போய்விடும்.

அன்று குனிந்து போயிருக்கலாம். சைக்கிளைத் தூக்கித் தாண்டியிருக்கலாம். கத்தியை எடுத்து அறுத்தேன். நீ கட்டியது என்பதால்தான் அறுத்தேன். உன்னைச் சைக்கிளில் உட்கார வைத்துப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியவன் நான், நீ எனக்குப் பாதையை மூடுவதா என்று. நாடாவைப் பையில் போட்டது, கீழே வந்து உன் மேசையில் வைத்துச் சிரிக்கத்தான். முதல் ஆறு வளைவும் ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொன்றிலும் ‘பார்த்தியா, பார்த்தியா’ என்று உன்னிடம் சொல்லிக்கொண்டே போனேன். ஏழாவதில் முன்சக்கரம் போய்விட்டது. சத்தம்கூட இல்லை.

ஆஸ்பத்திரிக்கு உன் மேலதிகாரி வந்தார். “தடுப்பு இருந்துச்சா?” என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் அவரே, “கட்டலைன்னு உங்க தங்கச்சியே ஒத்துக்கிட்டாங்க” என்றார். பேசாமல் இருந்துவிட்டேன். மருந்து மயக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மயக்கம் மறுநாளே தெளிந்துவிட்டது. வாய் மட்டும் தெளியவில்லை. உனக்குத் திட்டு விழுந்ததோடு முடிந்தது என்று நினைத்தேன். கோப்பில் ஏறிய குறிப்பு எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை.

உன் மேலதிகாரிக்கு நடந்ததை எழுதி, அந்த நாடாவையும் சேர்த்து நேற்றுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அதை உன் அண்ணி பத்திரமாக வைத்திருந்தாள், அவளைப் பற்றித்தான் தெரியுமே. உன்னைக் கேட்டுவிட்டு அனுப்பினால் நீ வேண்டாம் என்பாய்.

மழை பெய்கிறதா?

அண்ணன்

&nbsp;

பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். நீயும் அண்ணியும் சுகமா?

மழை இல்லை. பனி உருகுகிறது. மலை முழுக்கச் சொட்டுச் சொட்டென்று ஒரே சத்தம். எல்லாப் பாதையும் மூடியிருக்கிறது.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு நாள் வேலை செய்தேன். கோபம்தான். எதற்கென்று சொல்லத் தெரியவில்லை. நீ அறுத்ததற்கு இல்லை. அது உன் சுபாவம், சின்ன வயதிலேயே என் பட்டத்தின் நூலை அறுத்தவன் நீ. ஆறு வளைவும் என்னோடு பேசிக்கொண்டே போனதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்தபிறகு கோபத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை.

மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். மேசையில் அந்த நாடா. “யார் சொன்னது பொய்?” என்றார். “ரெண்டு பேரும் சார். நான் வாயால, அவர் வாயை மூடி” என்றேன். அவர் சிரிக்கவில்லை. பழைய குறிப்பை அடித்துவிட்டார். அதே இடத்தில், ஆதாரத்தை மறைத்ததாகப் புதுக் குறிப்பு எழுதினார். அது உண்மை என்பதால் கையெழுத்துப் போட்டேன். தலைவர் பதவியை இப்போது யாருக்கும் தரவில்லை. இலையுதிர் காலம் வரை பொறுப்பில் என்னை வைத்திருக்கிறார், பிறகு பார்ப்பாராம். ரம்பக்காரர் அதற்கே எல்லாருக்கும் டீ வாங்கிக்கொடுத்துவிட்டார்.

உன் விஷயம். ஆயுள் தடைதான் விதி. நீயாக எழுதிச் சொன்னதால் ஒரு வருஷமாகக் குறைத்திருக்கிறார். அடுத்த பிப்ரவரி வரை இந்த மலையில் நீ சைக்கிள் ஏறக்கூடாது.

உத்தரவை நான் இரண்டு முறை படித்துப் பார்த்தேன். சக்கரத்துக்குத்தான் தடை. மண்வெட்டிக்கு இல்லை. ஏப்ரலில் ஏழாவது வளைவைத் தோண்டி அந்த ஊற்றுக்கு வழி பண்ணப் போகிறேன். ஆள் பற்றாக்குறை.

சின்னவள்

&nbsp;

ஏப்ரல் 3

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் அண்ணனைக் காலைப் பேருந்தில் ஏற்றிவிட்டேன். இரண்டரை வாரம் விடுப்பு. இன்னொருவர் ஓட்டுகிற பஸ்ஸில் உட்கார்ந்து போக அவருக்குப் பிடிக்காது. வழியெல்லாம் கியர் மாற்றுவதைக் குறை சொல்லிக்கொண்டே வருவார். இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். ஒட்டியிருக்கிறதா என்று பார், பிரித்துப் படிக்கும் ஆள்.

பெட்டியில் கம்பளி முழங்கால் உறை இரண்டு ஜோடி இருக்கிறது. போடமாட்டேன் என்பார். போட வை. குனிந்து அதிக நேரம் தோண்ட விடாதே. தோண்டுவேன் என்று அடம் பிடித்தால் விட்டுவிடு.

நேற்று மாடிப்படிக்கு அடியில் போய் அந்தப் போர்வையை எடுத்து உதறினார். சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து, திரும்ப அங்கேயே நிறுத்தினார். “பத்து மாசம் இருக்கே” என்றேன். “இருக்கட்டும்” என்றார். போர்வையைத் துவைக்கப் போட்டேன்.

அவர் உன்னிடம் மன்னிப்புக் கேட்க ஒரு பேச்சுத் தயார் பண்ணி வைத்திருக்கிறார். கண்ணாடிக்கு முன்னால் சொல்லிப் பார்த்ததைக் கேட்டேன். மிக மோசம். அவரைச் சொல்லவிடாமல் கையில் எதையாவது கொடுத்து வேலை வாங்கிவிடு.

உங்கள் இருவரையும் நினைத்துக்கொண்டு இருப்பேன்.

உன் அண்ணி

&nbsp;

ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் இருவரும் நலம். அண்ணன் நாளை மறுநாள் கிளம்புகிறான். இந்தக் கடிதம் அவனுக்கு முந்தி வந்துவிட வேண்டும் என்று வண்டிக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி, “சின்னவளே, நான்...” என்று தொடங்கினான். கடப்பாரையைக் கையில் கொடுத்தேன். அதோடு சரி. பேச்சின் மீதியை மூன்றாம் நாள், முழங்கால் வரை சேற்றில் நின்றுகொண்டு, முதுகைக் காட்டியபடி ரம்பக்காரரிடம் சொன்னான். எனக்குக் கேட்கும்படி சொன்னான். ரம்பக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மன்னிச்சேன்” என்றார்.

பாறைக்கடியிலிருந்து ஊற்றைத் திருப்ப, பாதைக்கு அடியில் கல் பரப்பி வழி செய்தோம். பத்து நாள் வேலை. களிமண்ணை வெட்டி எடுத்து, உச்சியிலிருந்து மணலைச் சுமந்து வந்து கலந்து மிதித்தோம். அவனால் சுமை தூக்கி ஏற முடியவில்லை. அதை அவன் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கல் அடுக்குகிற வேலையை அவன் எடுத்துக்கொண்டான். நன்றாகவே அடுக்குகிறான். முழங்கால் உறையைப் போட்டுக்கொள்கிறான்.

முந்தாநாள் லேசாகத் தூறியது. நேற்றுப் பகல் முழுக்கக் காற்று. இன்று காலை ஏழு மணிக்கு இருவரும் வடக்குச் சரிவுக்குப் போனோம். அண்ணன் ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டினான். உதிர்ந்தது. என்னிடம் நீட்டி, “திறக்கலாமா?” என்று கேட்டான். அப்படி அவன் கேட்டு நான் பார்த்ததில்லை. நான் குதிகாலால் அழுத்திப் பார்த்தேன். இன்னும் இரண்டு மணி நேரம் போகட்டும் என்றேன். சரி என்று ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து சின்ன வயதுக் கதைகளைப் பேசினோம். அவன் சொன்னவற்றில் பாதி பொய்.

ஒன்பது மணிக்கு நாடாவை அவிழ்த்தேன். குளிருக்குப் பிறகு திறக்கும்போது எங்கள் பிரிவில் ஒருவர் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அண்ணி, ஒன்று சொல்லவேண்டும். இந்த இரண்டு வருஷமும் நான் ஏழாவது வளைவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போயிருக்கிறேன். ரம்பக்காரருக்குக்கூடத் தெரியாது. அதை இன்று காலை அந்தக் கல்லில் வைத்து அண்ணனிடம் சொன்னேன். அவன் எழுந்து, மெதுவாக இறங்கி, வளைவின் உள்பக்கம் போய் நின்றுகொண்டான்.

நான் மேலிருந்து விட்டேன். ஆறு வளைவும் நன்றாக வந்தது. ஏழாவதைப் பார்த்ததும் என் இரண்டு கையும் தானாகப் பிரேக்கை இறுக்கின. சக்கரம் இழுக்கத் தொடங்கியது.

“விடு, சின்னவளே, விடு. மண்ணு புடிச்சுக்கும்” என்றான். கத்தவில்லை. பக்கத்து நாற்காலியில் இருப்பவளுக்குச் சொல்வதுபோலச் சொன்னான்.

விட்டேன்.

பிடித்துக்கொண்டது, அண்ணி.

கீழே போய் நின்று திரும்பிப் பார்த்தேன். அவன் வளைவில் குனிந்து என் சக்கரம் போன இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து கைகளைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டான். அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வருகிறான். மன்னித்துவிடுங்கள்.

உங்கள்,
சின்னவள்